நாய்க்கென்று ஒரு நீலக் கைலி

மச்சான்,

என் வெள்ளைச் சட்டை எதிரே கொடியில் தொங்குகிறது. நெஞ்சுக்கு நேராக இரண்டு செம்மண் கால்தடம். நேற்று வீரபாண்டித் திருவிழாவுக்குப் போவதற்காக உடுத்திய சட்டை. துவைக்கப் போடுங்க என்று உங்கள் தங்கச்சி, அதாவது என் சம்சாரம், காலையிலிருந்து நச்சரிக்கிறாள். நான் கேட்பதாக இல்லை. காற்றடித்தால் காய்ந்த மண் லேசாக உதிர்கிறது. அதற்கே எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. வேறு யாரிடமாவது சொன்னால் கிறுக்கன் என்பார்கள். உங்களிடம்தான் சொல்ல முடியும், நீங்களோ இல்லை.

கால்தடம் துரையுடையது. ஆமாம் மச்சான், துரை இன்னும் இருக்கிறான். வாயைச் சுற்றியிருந்த கறுப்பு முழுக்க நரைத்துவிட்டது. படுத்தால் எழுந்திருக்க யோசிக்கிறான். பின்னங்கால் பிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட கிழவன் நேற்று எதற்காக என் மேல் பாய்ந்தான் என்பதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் இருந்துதான் வர வேண்டும். அவசரப்படாமல் கேளுங்கள். உங்களுக்கு எப்போதும் நடுவில் புகுந்து பேசுகிற பழக்கம்.

நம் இரண்டு திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. ஒரு நாள் தண்ணீர் உங்கள் முறை, மறுநாள் என் முறை. உங்கள் அத்தாவும் என் அய்யாவும் ஒருவரையொருவர் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டதால் நமக்கும் அதுவே ஆயிற்று. நீங்கள் பள்ளிவாசலுக்குப் போகிற ராவுத்தர், நான் வீரபாண்டிக் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவன். அதனால் என்ன, கேலி பேசுவதில் ஒருவருக்கொருவர் குறை வைத்ததில்லை. மோட்டார் ரூமில் திருட்டுப் போகிறது, மலையடிவாரத்திலிருந்து பன்றி இறங்குகிறது, நாய் ஒன்று வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். உங்கள் மொபெட்டில் கோம்பைக்குப் போனோம். செவலை நிறத்தில், வாய் மட்டும் கரியில் முக்கியெடுத்த மாதிரி இருந்த ஒரு குட்டியை நீங்கள் தூக்கினீர்கள். வழியெல்லாம் அது என் மடியில் மூத்திரம் பெய்துகொண்டே வந்தது. "மாப்ள மடியில தொர சொகமா வாராரு" என்றீர்கள். அதுவே பேராகிவிட்டது.

உங்கள் சம்சாரம், எனக்கு அக்கா, ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாக: "தோட்டத்தோட இருக்கட்டும். அது வாயெச்சி பட்ட துணியோட தொழுகைக்கு நிக்கப்படாது, ஆமா." அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழிதான் அந்த நீலக் கைலி. நீலக் கட்டம் போட்ட பழைய கைலி ஒன்றை மோட்டார் ரூம் ஆணியில் மாட்டி வைத்தீர்கள். தோட்டத்துக்கு வந்ததும் வெள்ளையைக் கழற்றி அதைக் கட்டுவீர்கள். பிறகு குட்டியை மடியில் போட்டுக் கொஞ்சுவதும், உண்ணி எடுப்பதும், கட்டிப் புரள்வதும். சாயங்காலம் பள்ளிவாசலின் பாங்குச் சத்தம் தூரத்தில் கேட்டதும் கைலி ஆணிக்குப் போகும். தொட்டித் தண்ணீரில் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்வீர்கள். வெள்ளையை உடுத்திக்கொண்டு, தொட்டியை ஒட்டிய சிமெண்டுத் தரையில் பாய் விரித்து, மேற்கே மலையைப் பார்த்துத் தொழ நிற்பீர்கள்.

"இங்க பாருலே தொர. வெள்ளையில வந்தா நான் பள்ளிவாச ஆளு. நீலத்துல வந்தா ஒன் ஆளு. புரிஞ்சுச்சா?" என்று குட்டியின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு பாடம் எடுத்தீர்கள். அது உங்கள் மூக்கை நக்கியது.

குட்டியாக இருந்தவரை பிரச்சினை இல்லை. சிமெண்டுத் தரையில் ஏறத் தெரியாமல் கீழேயே கிடந்து தூங்கிவிடும். கூப்பிட்டால் ஓடிவரும். எட்டு மாதம் தாண்டியதும் வந்ததே வினை! யாரோ நம் நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு வேறு நாயைக் கட்டிவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. பேரைச் சொன்னால் காது கேட்காது. காலெல்லாம் நீண்டு, உடம்பு அதற்குப் பொருந்தாமல், நின்ற இடத்தில் நிற்காது. என் புதுச் செருப்பில் ஒன்றைத் தின்றான். மோட்டார் ரூம் கதவின் அடிப்பலகையைக் கடித்தான். சொட்டுநீர்க் குழாயை இழுத்துக்கொண்டு பந்தல் முழுக்க ஓடினான். பழம் வெட்ட வந்த பெண்களின் சேலைத் தலைப்பைக் கவ்வி இழுத்தான். தினமும் நீங்கள் சுத்தமாக ஒளுச் செய்து முடிப்பதற்கும், இவன் பந்தலுக்குள்ளிருந்து அம்பு மாதிரி வந்து உங்கள் வெள்ளையின் மேல் இரண்டு காலையும் வைப்பதற்கும் சரியாக இருக்கும். மறுபடி கழுவி, மறுபடி உடுத்தி, வேளை தப்பிப் போகும் என்று பதறிக்கொண்டு தொழுவீர்கள். மாற்று வெள்ளைக் கைலி இரண்டு பையில் கொண்டுவரத் தொடங்கியதும் அப்போதுதான்.

உங்களுக்கு அதைவிட ஒரு கிறுக்கு வந்தது. மேலே ஏலத் தோட்டத்துக்குப் போய்வந்து பழகிய மலையாளத்தை நாயிடம் இறக்கினீர்கள். "இரி! இரிடா அவிடெ! இவிடெ வா!" என்று நீங்கள் கத்துவதும், அவன் தலையைச் சாய்த்து ரசிப்பதும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காத மாப்ள. அம்மாம் பெரிய ஆனையவே பாகன் மலையாளத்துலதான் படுக்க வைக்கிறான். நாய்க்குப் புரியாதாக்கும்?"

"ஆனைக்கு மூள இருக்கு மச்சான்."

"ஒனக்கு இருக்கா? மீச அரும்புறப்ப ஒங்க அய்யா பேச்ச நீ கேட்டியா? கெணத்துக்குக் காவலுக்கு விட்டா கம்பத்துக்குச் சினிமாவுக்கு ஓடுன பய தான நீ? இவனும் அங்கனதான் நிக்கிறான். வெடலப் பய. அடுத்த கவாத்துக்குள்ள சரியாயிருவான்."

திராட்சைக் கொடியைக் கழித்துவிடுகிற கவாத்துக் காலம் வந்தது, போனது. அவன் சரியாகவில்லை. நீங்கள் கூசாமல் மறுபடியும் "அடுத்த கவாத்துக்குள்ள" என்றீர்கள். பழம் வெட்டுகிறவர்களில் மூத்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அந்த நாய் இருந்தா நாங்க வரல சாமி, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கொடி நிறையப் பழம் தொங்குகிறது, ஆள் வராவிட்டால் எல்லாம் ஈக்குத்தான். மேலே எஸ்டேட்டில் காவலுக்கு நாய் கேட்டார் ஒருவர். சங்கிலியில் கட்டித்தான் வைப்பாராம், அவிழ்ப்பதே இல்லையாம். கொடுத்துவிடலாம் என்றேன். உங்கள் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"சங்கிலியில போட்டா அவன் இப்பிடியேதான் மாப்ள இருப்பான், கடைசி மட்டும். ஆளாகவே மாட்டான். எனக்காக ஒரு கவாத்து பொறு. பழ வெட்டு அன்னைக்கி நான் இவனப் புடிச்சிக்கிட்டு கெணத்தடியில ஒக்காந்துக்கிறேன்."

அப்படியே உட்கார்ந்தீர்கள். வெயிலில், நீலக் கைலியோடு, துரையின் கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு. அவன் இழுத்த இழுப்பில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. நாய் இழுத்துத்தான் மூச்சு வாங்குகிறது என்று நாம் எல்லோரும் நினைத்தோம்.

அப்புறம் ஒரு சாயங்காலம். நீங்கள் தொழுதுகொண்டிருந்தீர்கள். நான் பந்தலுக்குக் கீழே கொடி கட்டிக்கொண்டிருந்தேன். துரை வழக்கம்போல ஓடி வந்தான். போச்சு என்று நினைத்தேன். சிமெண்டுத் தரையின் விளிம்புக்கு வந்தவன் அப்படியே நின்றான். ஒரு காலைத் தூக்கினான், மறுபடி இறக்கினான். உங்கள் முதுகைப் பார்த்தான். பிறகு கீழே மண்ணில் படுத்து, முன்னங்காலில் தாடையை வைத்துக்கொண்டான். நீங்கள் முடித்துத் திரும்புவதற்குள், எங்கோ கீரிப்பிள்ளை ஓடிய சத்தம் கேட்டு எழுந்து போய்விட்டான். ஓடிவந்து சொன்னேன். நீங்கள் நம்பவேயில்லை.

"சும்மா கத விடாத. நீ எப்ப உண்மை பேசியிருக்க?"

"எங்காத்தா சத்தியமா மச்சான்."

"நாளைக்குக் காட்டு பாப்போம்."

மறுநாள் நான் உங்களை விட ஆவலாகக் காத்திருந்தேன். வந்தான், பாய்ந்தான், சட்டைப் பையைக் கிழித்தான். "காட்டிட்ட மாப்ள, நல்லாக் காட்டிட்ட" என்று கிழிந்த பையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் பந்தலில் இருந்த மைனா எல்லாம் பறந்தன.

அந்த வாரமே உங்களுக்கு நெஞ்சில் வலி வந்தது. தேனியில் பார்த்து, மதுரைக்குக் கொண்டுபோனோம். இருதயம் பலம் இல்லை, அலையக் கூடாது, அதிர்ச்சி கூடாது என்று ஆயிரம் கூடாதுகளோடு திருப்பி அனுப்பினார்கள். உத்தமபாளையத்து வீட்டுக் கட்டிலில் உங்களைச் சாய்த்து உட்கார வைத்திருந்தாக அக்கா. தோட்டத்தில் என் முறையையும் உங்கள் முறையையும் சேர்த்து நானே தண்ணீர் பாய்ச்சினேன்.

அந்த மாதங்களில்தான் துரை மாறினான். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு நாள் செருப்பை மோந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போனான். கூப்பிட்டால் முதல் தடவையிலேயே வந்தான். பழம் வெட்டுகிற பெண்களின் கைப்பிள்ளையைத் தொட்டிலோடு அவன் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். என்னிடம் முறைத்துக்கொண்டு போன மூத்தவளே சோற்றில் ஒரு உருண்டை அவனுக்கென்று எடுத்து வைத்தாள். ஓடுவதற்கு முன்னால் நின்று யோசிக்கிற ஒரு பார்வை அவன் கண்ணுக்கு வந்துவிட்டது. நான் ஒவ்வொன்றையும் உங்கள் கட்டிலுக்குக் கொண்டுவந்து கொட்டினேன். நீங்கள் கேட்டுக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

"நோயாளி மனசு சந்தோசப்படட்டும்னு சொல்ற. போதும்லே."

"அய்யோ மச்சான், நெசமாத்தான்!"

"அப்பக் கண்ணால பாக்கணும். என்னயக் கூட்டிட்டுப் போ."

அக்கா சம்மதிக்கவேயில்லை. "அது மேல விழுந்து வச்சா இவுக தாங்குவாகளா? ஒரு அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் தலப்பாடா அடிச்சுக்கிட்டாரு" என்று அழுதாக. அக்கா சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் பயம்தான். அத்தனை மாதமாக உங்களைப் பார்க்காதவன், பார்த்த சந்தோஷத்தில் பழைய விடலையாகிவிட்டால்? நீங்கள் மட்டும் பிடிவாதமாக இருந்தீர்கள். சாப்பாட்டைத் தள்ளிவைத்தீர்கள். கடைசியில் ஆட்டோ வந்தது.

வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, தொப்பி. எல்லாம் உங்கள் உடம்புக்குப் பெரிதாகியிருந்தன. ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒரு கை அக்கா தோளிலும் ஒரு கை என் தோளிலுமாக நின்றீர்கள். பந்தலின் கடைசியில் படுத்திருந்த துரை தலையைத் தூக்கினான். காற்று நம் பக்கமிருந்து அவன் பக்கம் போயிற்று. அடுத்த நிமிடம் செவலையாக ஒரு கோடுதான் தெரிந்தது.

"புடிங்க தம்பி! அய்யோ, வந்துருச்சு, புடிங்க!" அக்கா அலறினாக. நான் கீழே கிடந்த கம்பை எடுத்தேன்.

"கம்பக் கீழ போடு மாப்ள."

போட்டேன். துரை வந்த வேகத்தில் நான்கு காலையும் மண்ணில் ஊன்றி, புழுதி கிளம்ப, உங்களுக்கு ஒரு பாய் விரிக்கிற தூரத்தில் நின்றான். நின்று, உட்கார்ந்தான். நீங்கள் "இரி" என்று சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. உடம்பு முழுக்க நடுங்குகிறது, தொண்டைக்குள்ளே குழந்தை மாதிரி ஒரு முனகல், வால் மண்ணைக் கூட்டுகிறது. ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. உங்கள் வெள்ளையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி வெள்ளையைப் பார்த்தான். உங்கள் கண்ணிலிருந்து வழிந்ததை நீங்கள் துடைக்கக்கூட இல்லை.

"என் நீலக் கைலிய எடு மாப்ள."

ஆணியிலிருந்து எடுத்துவந்து நானே கட்டிவிட்டேன். சட்டையைக் கழற்றி அக்கா வாங்கிக்கொண்டாக. தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, "இவிடெ வா" என்றீர்கள். மெதுவாக எழுந்து, நடந்து, உங்கள் மடியில் தலையை வைத்தான். நீங்கள் காதைத் தடவினீர்கள், நெற்றியைத் தடவினீர்கள். பிறகு உங்கள் நெஞ்சை நீங்களே தட்டிக் காட்டினீர்கள். "ஏறுலே. ஒரு தடவ. பழைய மாதிரி." அவன் அண்ணாந்து பார்த்தான், ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தமாகத் தலையை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆளாயிட்டான் மாப்ள" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "குதிக்க மாட்டேங்கிறானே" என்றீர்கள்.

"நீங்கதான குதிக்கக் கூடாதுன்னு தவங்கெடந்தீக?"

"ஆமா. குதிச்சப்ப ரோதனையா இருந்துச்சு. இப்ப ஒரு தடவ குதிச்சாத்தான் என்னான்னு இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். ஆட்டோவில் ஏற்றும்போது நீலக் கைலியை மறுபடி ஆணியில் மாட்டச் சொன்னீர்கள். "அடுத்த கவாத்துக்கு வந்து கட்டிக்கிறேன்" என்றீர்கள். அந்தக் கவாத்துக்கு நீங்கள் இல்லை. உங்களைச் சந்தூக்குப் பெட்டியில் தூக்கிக்கொண்டு போனபோது தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வெள்ளைத் துணிக்குள் நீங்கள் இருந்தீர்கள். துரை தோட்டத்தில் இருந்தான். அதுவே நல்லது என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு வெகுகாலம், சாயங்காலப் பாங்குச் சத்தம் கேட்டால் துரை எழுந்துபோய், சிமெண்டுத் தரையில் ஏறாமல், விளிம்பை ஒட்டி மண்ணில் படுப்பான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நானும் கொடி கட்டுகிற கையை நிறுத்திவிட்டு அந்த வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யார் மேலும் அவன் குதித்ததே இல்லை. ஊரில் எல்லோரும் என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று மெச்சினார்கள். எனக்கு அந்த அடக்கத்தைப் பார்க்கப் பார்க்க உங்கள் ஞாபகம்தான் வந்தது, இன்னும் ஒரு வருடம் முன்னாலேயே ஆளாகியிருக்கக் கூடாதா இவன் என்று. சில நாள், இன்னும் ஒரு வருடம் விடலையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். மோட்டார் ரூமின் ஓடுகளைப் பிரித்துவிட்டுத் தகரம் போட ஆட்கள் வந்திருந்தார்கள். வீரபாண்டிக்குக் கிளம்பிய உடுப்போடு, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். ரூமிலிருந்த சாமானை எல்லாம் வெளியே எடுத்துப் போடச் சொன்னார் கொத்தனார். ஆணியில் உங்கள் கைலி. இத்தனை வருடமும் நான் அதைத் தொடவில்லை, யாரையும் தொட விட்டதுமில்லை. தூசி தட்டலாம் என்று எடுத்து ஒரு உதறு உதறினேன். ஆயில் வாடை, நாய் வாடை, அதற்கு அடியில் எங்கேயோ உங்கள் அத்தர் வாடை. மடிக்கக் கை வராமல், சின்னப் பிள்ளையைப் போட்டுக்கொள்கிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டேன்.

வேப்ப மரத்தடியில் படுத்திருந்த துரை மூக்கைத் தூக்கினான். எழுந்தான், யோசிக்கவே இல்லை. பிடித்துக்கொண்ட பின்னங்காலோடு ஓடி வந்தான் மச்சான், காது இரண்டும் பின்னால் படிய, நாக்கு வெளியே தொங்க. வந்து என் நெஞ்சில் இரண்டு காலையும் வைத்துவிட்டான். கைலியில் மூக்கைப் புதைத்தான். தொண்டைக்குள்ளே அதே முனகல். கொத்தனார் "ஏலே, ச்சூ! எறங்கு!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "இரி" என்று சொன்னால் உடனே இறங்கியிருப்பான். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கால் ஓய்ந்து தானாக இறங்கும்வரை, இரண்டு கையாலும் அவன் விலாவைத் தாங்கிக்கொண்டு நின்றேன்.

தகரம் போட்டு முடித்ததும் கைலியை அதே ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டு வாசலில் உங்கள் தங்கச்சி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஆயிரங்கண் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் சட்டையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"என்னங்க இது கோலம்? கோயிலுக்குப் போற நேரத்துல! அந்தக் கெழட்டு நாயா? அதுக்கு என்னங்க வந்துச்சு, இத்தன வருசம் ஒழுங்கா இருந்துட்டு?"

சட்டையை மாற்றாமலே பஸ் ஏறினேன். திருவிழாக் கூட்டம் முழுக்க என் நெஞ்சைப் பார்த்துவிட்டுப் போனது. அவள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். வீரபாண்டியில் இறங்கும்போதுதான் பதில் சொன்னேன்.

"வெடலப் பய. அடுத்த கவாத்துக்குள்ள சரியாயிருவான்."